விற்பனைக்கு ஓர் ஏரிக்கரை வீடு

"தண்ணியில கால வச்சா அட்டை ஏறும்மா. சும்மா சொல்லல."

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஓரெஸ்ட் சொன்னார். பக்கத்து வீட்டு வெர்னா, தன் ஏரிக்கரை வீட்டை விற்கப்போவதாகப் பலகை வைத்து இரண்டு மாதம் ஆகிறது. பார்க்க வந்த இரண்டு குடும்பங்களை இப்படித்தான் பேசிப் பேசியே துரத்திவிட்டார் ஓரெஸ்ட்.

அவர் மனைவியை இழந்தவர், வெர்னா கணவரை இழந்தவர். கோதுமை வயல்களுக்கு நடுவே கிடக்கும் அந்த ஏரியின் கரையில் பதினோரு வருடமாக அண்டை வீடு. வெர்னா போய்விட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள் என்பதுதான் ஓரெஸ்டின் கவலை. அதை வெர்னாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. மனிதர் அப்படி.

இன்று வான்கூவரிலிருந்து வந்திருந்த கெல்சி என்ற பெண்ணோ மசிவதாக இல்லை.

"அட்டைதானே ஐயா, உப்பு தூவினா விழுந்துடும்."

"கொசு? ஜூன் மாசம் ஆளையே தூக்கிட்டுப் போயிடும்."

"என் ரத்தம் அதுக்குப் பிடிக்காது."

"ஆகஸ்ட்ல ஏரி பூரா பாசி புடிச்சுப் பச்சையாயிடும். நாயைக்கூட இறக்க மாட்டோம்."

"பச்சை எனக்குப் பிடிச்ச நிறமாச்சே. நாளைக்கே கையெழுத்துப் போட்டுடறேன்."

ஓரெஸ்ட் வேலிக் கதவைத் தள்ளித் திறந்தார். விறுவிறுவென்று வெர்னாவின் சமையலறைக்குள் போய் நின்றார்.

"வீட்ட விக்காதீங்க, வெர்னா."

"ஏன்?" வெர்னா பெரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"ஏரி உறையறதுக்குள்ள பலகைப் படகுத்துறையக் கழட்டிக் கரைக்கு இழுக்கணும். வருஷா வருஷம் ஒரு முனை நீங்க, ஒரு முனை நான். இனிமே யாரு பிடிப்பா?"

"இவ்வளவுதானா? கூலிக்கு ஆள் வச்சுக்கோங்க."

"அதுக்கில்ல." அவர் முகம் சிவந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினார். "நீங்க இல்லாம என்னால இங்க இருக்க முடியாது. போதுமா?"

வெர்னாவின் கண் கலங்கியது. "போதும். விக்கல."

ஓரெஸ்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போதுதான் கெல்சியின் நினைவு வந்தது. "பாவம், அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கு. அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்றது?"

அதற்குள் கெல்சியே உள்ளே வந்து, யாரையும் கேட்காமல் அலமாரியைத் திறந்து மூன்று தட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"சொல்லிட்டாரா சித்தி? உங்க யோசனை பலிக்காம, நெஜமாவே இந்த வீட்ட என் தலையில கட்டிடுவீங்களோன்னு பயந்துட்டேன்."