ஏரிக்கு நட்ட கல்

அமலோற்பவம் அம்மாள் இறந்த மறுநாள் காலையில் ஏரிக்கரைக்கு ஒரு மண் லாரி வந்து நின்றது. கோரைப்புல்லுக்குள் குஞ்சுகளோடு பதுங்கியிருந்த நாமக்கோழி அவற்றைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது.

"ஏரியைத் தூர்க்க வந்துட்டாங்க" என்று அது கரையிலிருந்த எல்லைக்கல்லிடம் சொன்னது. "பதினோரு வருஷம் அந்த அம்மா தாலுகா ஆபீசுக்கு மனுவோட நடந்தாங்க. இனி நமக்காக யார் பேசுவாங்க?"

"கொஞ்சம் பொறு" என்றது கல்.

டிரைவர் இறங்கி வந்து, கல்லில் படிந்த புழுதியைத் துடைத்து, சர்வே எண்ணைப் படித்தார். பிறகு போனில் முதலாளியிடம், "அளந்து கல் நட்டிருக்காங்க சார். இது ஏரி நிலம். இங்க கொட்டினா வம்பு" என்றார். லாரி திரும்பிப் போயிற்று.

நாமக்கோழி கோரையிலிருந்து தலையை நீட்டி, லாரி போன வழியைப் பார்த்தது.

"அந்த அம்மாவோட மனுவால என்னை நட்ட அன்னைக்கு, 'நல்லா ஆழமாத் தோண்டுங்க தம்பி, நான் எத்தனை நாள் இருப்பேனோ'ன்னு சர்வேயர்கிட்ட சொன்னாங்க" என்றது கல்.

"அவங்களுக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லலையே."

"நீ குஞ்சுகளோட நீந்துறதைப் பார்க்கத்தான் தினமும் வந்து என்மேல சாஞ்சு நிப்பாங்க."

நாமக்கோழி ஐந்து குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு, கோரையை விட்டு நடுத்தண்ணீருக்கு நீந்தியது.