ஒத்தை ஆளுக்கு ஒரு ஆப்

"ஒத்தை ஆளுக்காக யாராவது ஆப் செய்வாங்களாம்மா?"

விஜயபாண்டிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ராஜபாளையத்தில் அவனும் சத்யப்பிரியாவும் நடத்தும் கம்பெனியில் மொத்த ஆளே இரண்டு பேர்தான். மினிபஸ் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப் அவர்கள் செய்தது. இப்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் பாதி ஊர் ஸ்டாப்புக்கே கிளம்புகிறது.

"பழைய ஆண்ட்ராய்ட விட்டுற வேண்டாம்ணே. ஐபோன பொறவு பாத்துக்கலாம்."

"கிருஷ்ணன்கோவில் காலேஜ் வாசல்ல போய்ப் பாரு. பிள்ளைக கையில பூரா ஐபோனு. அம்புட்டுப் பேரும் எங்களுக்கு எப்பன்னு கேக்காங்க. நீ என்னடான்னா அந்தக் காலத்துப் போனக் கட்டிக்கிட்டு அழுவுற."

"அதையும் ஒரு ஆளு வச்சிருக்காருல்ல?"

"ஆமா, ஆலங்குளத்துல ஒரே ஒரு ஆளு! யாரு, உனக்குத் தாய்மாமனா?"

"யாரா இருந்தா என்ன? அவரும் பஸ்ஸுக்குப் போகணும்ல."

நல்ல கெட்டிக்காரப் பெண்தான். பிடிவாதம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. இப்படி ஆளாளுக்கு இரக்கப்பட்டால் கம்பெனி உருப்பட்ட மாதிரிதான்.

அதனால் விஜயபாண்டி அவளைக் கேட்காமலே, 'இந்த ஆப் இனி பழைய போன்களில் ஓடாது' என்று நேற்றே அறிவிப்பைப் போட்டுவிட்டான். அதைச் சொன்னதும் அவள் முகம் வாடிப்போனது.

அந்த நேரம் பார்த்து ஆபீஸ் போன் அடித்தது. திரையில் 'பழைய போன் ஐயா' என்று வந்தது. சத்யப்பிரியா பதிந்து வைத்த பெயர்.

"ஆகா, வந்துட்டாருய்யா பெரிய மனுசன்! புதுப் போன் வாங்கச் சொல்லி நானே புத்தி சொல்லுதேன்."

"அண்ணே, வேண்டாம்ணே! இங்க குடுங்க!"

அவள் எட்டிப் பிடிப்பதற்குள் கையை உயர்த்தி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான்.

"சத்யா தாயியா? கண்ணுச்சாமி பேசுதேன்."

விஜயபாண்டியின் சிரிப்பு பாதியில் நின்றது. பேசியது அவன் அப்பா.

"இனிமே ஓடாதுன்னு போன்ல என்னமோ வருது தாயி. சனிக்கிழமையானா எம் மவன் வார பஸ்ஸ இதுலதான் பாத்துக்கிட்டிருக்கேன். எப்படியாச்சும் சரி பண்ணிக் குடுத்துரு. ஆனா முன்னமே சொன்னதுதான், இது விஜயபாண்டி காதுக்கு மட்டும் போயிரக் கூடாது. அவன் குடுத்த போன்ல அவன் செஞ்ச ஆப்பே ஓடலன்னா, பிள்ளைக்கு மனசு ஒடஞ்சு போயிரும்."