மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த கார்

முகேஷ் இதுவரை பதினோரு கார் திருடியிருக்கிறான். பதினொன்றும் வெள்ளை அல்லது சாம்பல் நிறம். வீட்டுக்கும் ஆபீசுக்குமாகப் போய்வரும் அடக்க ஒடுக்கமான கார்கள். பன்னிரண்டாவது அந்த ஜாதியே இல்லை. நல்ல சிவப்பு. இரண்டே இருக்கை. ஒரு பொத்தானை அமுக்கினால் கூரை மடங்கிப் பின்பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும்.

பெங்களூரில் கிளப்பிய வண்டியை நேராக நாமக்கல் கொண்டுபோய் புரோக்கரிடம் ஒப்படைக்க வேண்டும். அதோடு திருட்டுக்கு ஒரு முழுக்குப் போட்டுவிட்டுச் சொந்தமாக டிராவல்ஸ் வைப்பதாக அவன் தனக்குத்தானே சத்தியம் செய்திருந்தான். வண்டி கை மாறிவிட்டால் முதலாளி. மாட்டிக்கொண்டால் ஜெயில்.

ஓசூர் தாண்டியதும் சும்மா ஒரு தடவை கூரையைத் திறந்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது. கிருஷ்ணகிரியில் ஒரு வேன் நிறையக் கைகள் ஆடின. தருமபுரியில் தன்னை மறந்து பாட ஆரம்பித்தான். சேலம் வந்தபோது, இந்த வண்டியைக் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் ஒருமுறை ஓட்டாமல் ஒப்படைத்தால் பிறவி எடுத்ததே வீண் என்று தோன்றிவிட்டது. ஆசை யாரை விட்டது?

மலையில் ஜூலைக் காற்று தலைமுடியைப் பிய்த்தது. ஒவ்வொரு வளைவுக்கும் முகேஷ் ஒரு கூச்சல் போட்டான். ஐம்பதாவது வளைவில் பலாப்பழம் விற்றவர், எந்த விபத்தில் கூரை போயிற்று, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அக்கறையாக விசாரித்தார். மேலே காட்சி முனையில் ஒரு மணி நேரம் காருக்குப் பக்கத்தில் நின்று, கேட்டவர்களோடெல்லாம் செல்ஃபி எடுத்துக்கொண்டான். திருட்டு வண்டி என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

செம்மேடு கடைவீதியில் வண்டியை நிறுத்தியபோதுதான் புரோக்கரின் செய்தி வந்தது. பெங்களூர் போலீஸ் வண்டி நம்பரை எல்லா ஸ்டேஷனுக்கும் அனுப்பிவிட்டதாம். உடனே மறைக்கச் சொல்லியிருந்தார்.

முகேஷ் நிமிர்ந்து பார்த்தான். இருபதடி தூரத்தில் போலீஸ் ஜீப். அதில் சாய்ந்துகொண்டு எஸ்.ஐ. டீ குடித்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, முதுகு இந்தப் பக்கம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு. கூரையில்லாத சிவப்புக் காரை எந்தச் சோற்றில் மறைப்பது?

"ஏனுங்க தம்பி, மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த காருங்களா?"

வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம் என்று பெரிய மனிதத் தோரணையில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பேர் அருணாசலம், பெண்ணோட அப்பா என்றார். காலையிலிருந்து காரை எதிர்பார்த்து நிற்பதாகவும் நல்ல நேரம் போய்க்கொண்டிருப்பதாகவும் குறைப்பட்டுக்கொண்டார். பின்னால் பட்டுப்புடவையில் அவர் மனைவி சுமதி, இரண்டு கூடை சாமந்திப் பூவோடு. அவள் கக்கத்தில் 'சதீஷ்குமார் – ராதிகா' என்று ஜிகினா ஒட்டிய அட்டைகள் இரண்டு.

இல்லை என்று சொல்ல வாயெடுத்த முகேஷ் அந்த அட்டைகளைப் பார்த்தான். நம்பர் பிளேட்டைவிட ஒரு சாண் பெரியவை. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது.

"ஆமாங்க. வளைவுல கொஞ்சம் லேட்டாயிருச்சு" என்றான்.

பத்தே நிமிடத்தில் கார் பூவுக்குள் முழுகிப்போயிற்று. முன்னாலும் பின்னாலும் அட்டையைக் கட்டியதில் நம்பர் காணாமல் போனது. எஸ்.ஐ. திரும்பிப் பார்த்தார், பார்த்துவிட்டு, கல்யாண வண்டி திரும்ப வசதியாக ஜீப்பைத் தள்ளி நிறுத்தச் சொன்னார். முகேஷுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த அப்பாவிகளுக்கு ஒரு ஊர்வலம் போய் வந்தால் போதும். பிறகு இதே பூவோடு மலை இறங்கினால் நாமக்கல் வரைக்கும் போலீஸே வழிவிடும்.

அருணாசலம் கையை நீட்டிச் சாவியைக் கேட்டார்.

"கோயில் வரைக்கும் மாப்பிள்ளையோட தாய்மாமன்தானுங்க ஓட்டோணும், அது எங்க வழக்கம். நீங்க சாப்பிட்டுட்டு இருங்க சாமி. அரை மணி நேரத்துல வந்தர்றோமுங்க."

முகேஷ் தயங்கினான். மறுத்தால் பேச்சு வளரும். பேச்சு வளர்ந்தால் எஸ்.ஐ. நடந்து வருவார். சிரித்த முகத்தோடு சாவியைக் கொடுத்தான். மாலை போட்ட மாப்பிள்ளை ஏறி உட்கார, தாய்மாமன் ஹாரன் அடித்துக்கொண்டே கிளம்பினார். அருணாசலமும் சுமதியும் பின்னாலேயே ஒரு வேனில் போனார்கள்.

எதிரே சென்னம்மாள் மெஸ். முகேஷ் மிளகு ரசத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. இரண்டு மணி நேரமும் ஆனபோது அவனுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அடுத்தவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனால் சொன்ன நேரத்துக்குத் திருப்பித் தர வேண்டாமா? என்ன மனிதர்கள் இவர்கள்? ஜீப்பிடம் போய் முறையிடலாம் என்று எழுந்தே விட்டான். தான் யார் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்து, மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தான்.

கடைசியில், கல்யாணம் எந்த மண்டபத்தில் என்று சென்னம்மாளிடமே கேட்டான்.

மோர் ஊற்றிக்கொண்டிருந்த அந்த அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆடி மாசத்துல எவன் சாமி கல்யாணம் வெப்பான்?"