அதீனாவின் கண்கள்

சாமிக்குக் கண் திறக்கும்போது கையுறையோடு உட்காருவீர்களா நீங்கள்? இசக்கிமுத்து மாட்டான். ஏதென்ஸ் பட்டறை ஒன்றில் இரும்புத் தகடுகளை வெல்டிங் வைத்துப் பழைய கிரேக்கத் தெய்வங்களைச் செய்பவன் அவன். பட்டறையில் அவனுக்கு மாட்டிவிட்ட உணரி வைத்த கையுறை, அவன் கை போகிற போக்கையெல்லாம் சிலை செய்யப் பழகும் ஓர் எந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. எந்திரம் முழுதாகக் கற்றுக்கொண்டால் இவனுக்கு வேலை இல்லை. ஆனாலும் கண்ணுக்கு வரும்போது மட்டும் கையுறையைக் கழற்றி வைத்துவிடுவான்.

அன்று எந்திரம் முதன்முதலாகத் தனியே ஓர் அதீனா தேவியைச் செய்து நிறுத்தியது. தலைக்கவசம், ஈட்டி, உதட்டோரச் சிரிப்பு எல்லாம் அச்சு அசல் இவன் கைதான். கண் இருக்கும் இடம் மட்டும் மொழுமொழுவென்று இருந்தது. வேலை போய்விடுமோ என்ற பயம் அவனுக்குக் கொஞ்சம் அடங்கியது.

"பாத்தியால? நான் இல்லாம அதுக்குக் கண்ணு வராது. என்னைய எப்படி அனுப்புவானுவ?" என்றான், கூட வேலை பார்க்கும் தூத்துக்குடி செலஸ்டினிடம்.

செலஸ்டின் அப்போதுதான் சிலை வாங்க வந்தவரிடம் பேசிவிட்டு வந்திருந்தான். "மக்கா, அந்த ஆளுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. மியூசியத்துல நிக்குற பழைய சிலைக்கெல்லாம் கண்ணு இப்படித்தான வெறுமையா இருக்கு, இதுதான் அசலுங்காரு."

"ஒரு மணி நேரம் குடுக்கச் சொல்லுல. நான் தெறந்து வைக்கேன்."

"வேண்டாங்காரு."

மறுநாள் காலை எந்திரம் அடுத்த சிலையைத் தொடங்கியது. இசக்கிமுத்துவை ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள்.