இருட்டுவதற்குள் ஆமென்

“கறிச்சோறு வேணாம்னீங்க, சரிங்க ஐயா. சாம்பார்ல வெங்காயம்கூடவா வேணாம்?”

சந்தவாசல் உபதேசியார் ஞானமுத்துவுக்கு மனசே ஆறவில்லை. அறுப்பின் பண்டிகைக்கு இப்படி ஒரு விருந்தா?

“வேணாம்னா வேணாம்” என்றார், ஆரணியிலிருந்து வந்திருந்த போதகர் ஆசீர்வாதம்.

அதைவிட அதிசயம், பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்தாத போதகர், அன்று வெயில் இருக்கும்போதே பிரசங்கத்தை முடித்து ஆமென் சொல்லிவிட்டார்.

“பஸ்ஸைப் பிடிக்கணுங்களா ஐயா?”

“பஸ் கெடக்குது. ஜல்தியா இலையைப் போடுங்க, இதோ வந்துட்டேன்” என்று தெருவில் இறங்கி ஓடினார்.

திரும்பியபோது அவர் கையைப் பிடித்தபடி, சர்ச்சுக்கு இடம் கொடுத்த ஜினசந்திர நயினார் வந்தார். ஞானமுத்துவுக்கு அப்போதுதான் விளங்கியது. சமணரான நயினார் கறி, வெங்காயம் எதையும் தொடமாட்டார். பொழுது சாய்ந்தால் சாப்பிடவே மாட்டார்.

ஞானமுத்துவே ஓடிப்போய் முதல் இலையில் பரிமாறினார்.

நயினார் சிரித்தார். “பாயசமாவது ஒரு வாய் குடிக்கலாம்னு வருஷா வருஷம் வாசல்ல வந்து நின்னுகினுதான் இருந்தேன் ஐயா. உங்க பிரசங்கம் முடியறதுக்குள்ள இருட்டிடும்!”