அழகம்மாள் பார்க்காத மான்

"என் புருஷனை ஜெயில்ல தள்ளியாச்சுல்ல? இப்ப வயிறு குளுந்துச்சா?"

கோர்ட் வராந்தாவில் அமராவதி போட்ட கூச்சலில், மரத்தடியில் நின்ற வண்டிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எதிரே நின்ற அழகம்மாள் தலையை நிமிர்த்தவில்லை.

தலைமைக் குமாஸ்தா சந்தனராஜ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"இதென்ன சந்தையா? ரெண்டு பேரும் இங்கிட்டு வாங்க."

உள்ளே வந்ததும் அமராவதி கைகூப்பினாள்.

"நீங்களே நாயம் சொல்லுங்க ஐயா. நல்லதம்பி வீட்டு வைக்கப் படப்பு எரியிறதைப் பாத்துட்டு, ஊரைக் கூப்பிடத்தான் எங்க வீட்டு ஆளு ஓடியாந்தாரு. இந்தப் பொம்பள கூண்டுல ஏறி, மான் மாதிரி ஓடுனாருன்னு சாட்சி சொல்லிருச்சு. தீ வச்சவன்தான் அப்படி ஓடுவான்னு ஆறு மாசம் போட்டுட்டாக. போன வாரம் வரைக்கும் இவுகளை அயித்தை அயித்தைன்னு கூப்பிட்ட வாயி ஐயா இது!"

சந்தனராஜ் அழகம்மாளைக் கடுமையாகப் பார்த்தார்.

"ஏம்மா, கூண்டுல ஏறினா வாயை அளந்து பேச வேணாமா? ஒரு சொல்லுல ஒரு குடும்பமே தெருவுக்கு வந்துருச்சே."

"மானை நான் பாத்ததே இல்லையே ஐயா" என்றாள் அழகம்மாள்.

"அப்புறம் என்னதான் சொன்னே?"

"பசு கன்னு போட முடியாம தவிக்கையில, ஆளைக் கூட்டியார ஓடுவோமுல்ல? அந்த மாதிரி இவ புருஷன் சேவுகன் ஓடுனான்னுதான் சொன்னேன். நீங்கதான் பக்கத்துல நின்னீக. ஒங்க காதுல விழுகலையா?"

சந்தனராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

தெலுங்குச் சீமையிலிருந்து மாற்றலாகி வந்திருந்த மாஜிஸ்திரேட்டுக்குத் தமிழ் தெரியாது. சாட்சி தமிழில் சொல்வதைச் சந்தனராஜ் இங்கிலீஷில் சொல்வார், அதுவே பதிவாகும். அவருடைய இங்கிலீஷுக்குப் புதுக்கோட்டை வக்கீல்கள் மத்தியிலும் மதிப்பு உண்டு. அதற்குக் காரணம் அவருடைய மேஜை இழுப்பறையில் இருந்த நீளநோட்டு. ஒருவன் எப்படி ஓடினான், எப்படி அழுதான், எப்படி உறங்கினான் என்பதற்கெல்லாம் இங்கிலீஷ்காரன் சொல்லும் உவமைகளை இருபது வருஷமாகச் சேகரித்து, வரிசை எண்ணிட்டு எழுதியிருந்தார். தேனீயைப் போல உழைத்தான். மரக்கட்டையைப் போல உறங்கினான். ஆட்டுக்குட்டியைப் போல அடங்கி வந்தான். ஒன்றைக் கோர்ட்டில் எடுத்தாண்டதும், எதிரே சிவப்பு மசியால் குறியிட்டுத் தேதியும் போடுவார். ஒரே உவமை ஒரு மாதத்தில் இரண்டு தரம் வரலாகாது என்பது அவர் தமக்கே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு.

வழக்குக் கட்டுகளுக்குள்ளிருந்து அந்த வழக்கின் தாளை உருவி மேஜைமேல் விரித்தார்.

"இது யாரு கைநாட்டு?"

அழகம்மாள் குனிந்து பார்த்தாள். "என்னுதுதான்."

"அதுக்கு மேல என்ன எழுதியிருக்கு தெரியுமா? படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்."

"படிச்சீக. இங்கிலீசுல கடகடன்னு படிச்சீக. சரிதானேன்னு கேட்டீக. நானும் தலையை ஆட்டுனேன்."

அமராவதி இப்போது இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அவள் குரல் இறங்கியது.

"ஐயா, அந்த ஒரு வரியை வச்சுத்தான் தண்டனையாம். இப்பப் புதுசாப் பிடிச்ச வக்கீல் சொல்றாரு. அப்படிச் சொல்லலைன்னு கோர்ட்டு ஆளு யாராச்சும் எழுதிக் குடுத்தா, அப்பீல்ல வெளிய கொண்டாந்துரலாமாம். அன்னைக்கு எங்களுக்கு வக்கீலும் இல்லை, பக்கத்துல நின்னவுக நீங்க ஒருத்தர்தான். இவுக மானுன்னு சொன்னாகளா, பசுவுன்னு சொன்னாகளா?"

சந்தனராஜுக்கு ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளைப் பழையபடி மடித்தார்.

"கோர்ட்டுல ஒரு எழுத்து கூடாது, குறையாதும்மா. எழுதியிருக்கிறதுதான் சொன்னது."

அழகம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அமராவதியிடம் திரும்பினாள்.

"ஐயா படிச்சவுக. பொய் சொல்ல மாட்டாக. அன்னைக்குக் கூண்டுல கையும் காலும் வெடவெடன்னு ஆட, எனக்கு என்ன பேசுறோம்னே தெரியலை. என் வாய்தான் அப்படி ஒளறியிருக்கும் போல."

சொல்லிவிட்டு, தன்னைவிட இருபது வயது இளையவளான அமராவதியின் கால்களைத் தொடக் குனிந்தாள்.

"என்னை மன்னிச்சிரு தாயி."

அமராவதி கால்களை இழுத்துக்கொண்டாள். விறுவிறுவென்று வெளியே போனாள். பத்தடி இடைவெளி விட்டு, அழகம்மாளும் அவள் பின்னாலேயே போனாள்.

அவர்கள் பஸ் பாதையில் மறையும்வரை காத்திருந்து, சந்தனராஜ் இழுப்பறையைத் திறந்தார். நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பசுவுக்காக ஆள் அழைக்க ஓடுகிறவன் எந்தப் பக்கத்திலும் இல்லை. அன்றைக்கும் நினைவில் அப்படியொன்று அகப்படாமல்தான், கைக்குக் கிடைத்ததை எடுத்துச் சொல்லியிருந்தார்.

நூற்றுப் பதினான்காவது வரியில் விரல் நின்றது. 'வேட்டை நாய்கள் துரத்தும் மானைப் போல ஓடினான்.'

எதிரே சிவப்புக் குறி. சேவுகன் வழக்கின் தேதி. அதற்கும் பக்கத்தில், அவருடைய அழகான கையெழுத்தில்: 'மாஜிஸ்திரேட் பாராட்டினார்.'