உயிலில் இருக்கும் பெயர்

நீதிமன்ற அலுவலகத்தின் மின்விசிறி முனகுகிறது. மேசைக் கண்ணாடியில் பட்ட வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. மறைந்த தந்தை தம் உயிலை நிறைவேற்றும் பொறுப்பை மகளுக்கே எழுதியிருக்கிறார். உயிலை ஏற்று நீதிமன்ற ஆணை பிறக்காமல் பூட்டிய வீடு அவள் கைக்கு வராது. எழுத்தரின் கண்களோ மேசைமுன் நிற்கும் அவளைத் தாண்டி, பின்னால் நிற்கும் கணவனிடம் போகின்றன. “மாமனார் எப்ப தவறினாரு சார்?” “ஜனவரியில,” என்கிறாள் அவள். “வீடு யார் பேர்ல சார்?” “அப்பா பேர்ல.” “நீங்க சொல்லுங்க சார்.” கணவன் நெளிகிறான்: “நான் பை தூக்கிட்டு வந்தவன் சார், அவங்களையே கேளுங்க.” பெற்றவர் மகளை நம்பினார், சாட்சிகள் ஒப்பமிட்டனர், சட்டமும் தலையசைத்தது, இந்த மேசை மட்டும் இன்னும் மீசையைத் தேடுகிறது! அவள் உயிலை விரித்துத் தன் பெயர்மீது விரலை ஊன்றுகிறாள். “இது நான். என் முகத்தைப் பார்த்துக் கேளுங்க.” எழுத்தர் குனிந்து படிக்கிறார், மெல்ல நிமிர்கிறார், கணவனிடம் கேட்கிறார்: “என்ன சார் சொல்றாங்க?”